குறுக்கே வைத்த கால்

என் மகனுக்கு,

ஒரே கூரையின் கீழ் இருக்கிற அப்பா தபால்தலை ஒட்டிக் கடிதம் அனுப்பியிருக்கிறாரே என்று உனக்கு வியப்பாக இருக்கும். உறையின் மேல் என் கையெழுத்தைக் கண்டதும் பயந்துகூட இருப்பாய். பயப்பட ஒன்றும் இல்லை. இதையெல்லாம் நேரில் சொன்னால் நீ பாதியில் மறித்துப் பேசுவாய். நீ மறித்தால் நான் நிறுத்திக்கொள்வேன். என் சுபாவம் உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். ஏன் தபாலில் அனுப்பினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முன்கூட்டிப் புரட்டிப் பார்க்காதே.

இந்தக் காகிதத்தில் ஒவ்வொரு வரிக்கும் மேலும் கீழும் பென்சில் கோடு இருப்பதைப் பார்த்திருப்பாய். கோடு இல்லாமல் எழுதினால் என் எழுத்து கொட்டைப்பாக்கு அளவில் தொடங்கிக் கடுகளவில் முடிந்துவிடுகிறது. குறுகுவது எழுதும்போது எனக்குத் தெரிவதில்லை. பக்கம் முடிந்து பார்த்தால்தான் தெரிகிறது. இரண்டு கோடுகளுக்கு நடுவே எழுதினால் கை அடங்கி நடக்கிறது. ஏதோ ஒன்று எதிரில் தெரிந்தால் இந்த உடம்பு கேட்கும் என்பதை எனக்குக் கண்டுபிடித்துத் தந்தவன் நீ. இந்தக் கடிதம் ஏறக்குறைய அதைப் பற்றியதுதான்.

ஈப்போ விஷயம் எனக்குத் தெரியும். மருமகள் சரோஜாவைக் கடிந்துகொள்ளாதே. நான் கேட்டேன், அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. வெள்ளைக்கார அதிகாரி சீமைக்குத் திரும்பியதால் ஈப்போ அலுவலகத்தில் காலியான இடத்துக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாவை விட்டுவிட்டு வர முடியாது என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். எழுத்தில் பதில் இன்னும் கொடுக்கவில்லை என்றாள். இந்த மலாயா நம்முடையதாகி ஓர் ஆண்டுதான் ஆகிறது. என் காலத்தில் அந்த நாற்காலிக்கு எதிரே நின்றுதான் எங்களுக்குப் பழக்கம். அதில் உட்காரச் சொல்லி எங்களில் யாரையும் கூப்பிட்டதில்லை. உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் கால்களுக்காக நீ வேண்டாம் என்கிறாய். அந்தப் பதில் எழுத்தில் போவதற்கு முன் இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேர வேண்டும்.

என் முதுகு எப்போது வளையத் தொடங்கியது என்று எனக்கே தெரியாது. நில அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்த காலம் முழுவதும் கோப்பைக் கையில் ஏந்திக்கொண்டு யார் முன்னாலாவது நின்றவன் நான். தலை குனிந்தது, தோள் முன்னால் வந்தது, முழங்கை மடிந்து இடுப்போடு ஒட்டிக்கொண்டது. பார்த்தவர்கள் அதைப் பணிவு என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பயந்த சுபாவம் உள்ளவனுக்கு வயதானால் முதுகு இப்படித்தான் போகும் போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். முதலில் வேறு மாதிரி கவனித்தவள் உன் அம்மாதான். ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது பின்னால் நடந்து வந்தவள், "என்னங்க, ஒரு கை நல்லா வீசுது, இன்னொரு கை கோவிச்சுக்கிட்டுக் கூடவே வருது. ரெண்டுக்கும் என்ன சண்டை?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டு மறந்துபோனேன். அந்தக் கோபம் இன்னதென்று தெரிவதற்குள் அவள் போய்விட்டாள்.

அவள் போன பிறகு அடிகள் சுருங்கின. செருப்பு தரையை உரசும் சத்தம் வீட்டுக்குள் கேட்க ஆரம்பித்தது. நடக்கத் தொடங்கினால் வேகம் தானாகக் கூடும். முன்னால் விழப்போகிற ஓர் ஆளைப் பின்னாலிருந்து பிடிக்க ஓடுகிறவன் மாதிரி என்னை நானே துரத்திக்கொண்டு போவேன். இன்னொரு நேரம், கதவு நிலையில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மேல் உடம்பு போகப் பார்க்கும், கால் வராது. யாராவது பின்னால் வந்தால் இன்னும் மோசம். இவற்றையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. கதவருகே நின்றுவிட்டால் எதையோ யோசிப்பவன் போல மேலே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

சுதந்திரம் வந்த வாரத்தில் நம் காஜா பேராங் தெருமுனைக் காப்பிக் கடையில் நான் காசு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, கடைக்கார நானா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "கிராணி ஐயா, துரைங்கல்லாம் கப்பலேறிட்டானுங்க. இன்னும் யாருக்கு இப்படிக் குனிஞ்சு நிக்கிறீங்க?" கடையே சிரித்தது. அவர் நல்ல மனிதர். ஊரே மகிழ்ச்சியாக இருந்த வாரம். நானும் சிரித்தேன். ஆனால் எதிரில் இருந்த கண்ணாடியில் என் முகம் அசையாமல் இருந்ததைப் பார்த்தேன். உள்ளே சிரிக்கிறேன், வெளியே ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து சுவரில் முதுகை ஒட்டி நிமிர்ந்து நிற்கப் பார்த்தேன். தோள் ஒட்டினால் தலை ஒட்டவில்லை. நீ வேலை முடிந்து வந்து வாசலில் நின்றபடி அதைப் பார்த்துவிட்டாய்.

சில நாட்கள் என்னைக் கவனித்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகு ஒரு மாலை, "அப்பா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாய். திரும்பினேன். கனமான அலமாரியை மூலை மூலையாக நகர்த்துவது போலச் சின்னச் சின்ன அடியாகத் திரும்பினேன். நீ உன் சட்டையை மாற்றாமலே என்னை டாக்டரிடம் அழைத்துப் போனாய். அவர் என் முழங்கையை மடக்கிப் பார்த்தார். அது பல்சக்கரம் போல விட்டுவிட்டு மடங்கியது. நடக்கச் சொன்னார், நிற்கச் சொன்னார், தோளைப் பிடித்துப் பின்னால் மெல்ல இழுத்தார். நீ பிடிக்காவிட்டால் விழுந்திருப்பேன். நடுக்குவாதம் என்றார்.

அந்த அறையில் நான் கை கட்டி உட்கார்ந்திருந்தேன். நீ கேள்வி கேட்டாய். என் வாழ்நாளில் எந்த அதிகாரியிடமும் நான் அப்படிக் கேள்வி கேட்டதில்லை. கால் பழுதா, முதுகெலும்பு பழுதா, பலம் போய்விட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். எதுவும் இல்லை என்றார். நாம் நடக்கும்போது நடக்கிறோம் என்று நினைப்பதில்லை. மூளையில் ஓர் இடம் நம்மைக் கேட்காமலே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. எனக்கு அந்த இடம் மங்கி வருகிறது. நேராக நிற்பதும், கை வீசுவதும், சாய்ந்தால் நிமிர்த்திக்கொள்வதும் எல்லாம் அதன் வேலைதானாம். இனி ஒவ்வொரு அடியையும் நானே உத்தரவு போட்டுத்தான் எடுத்து வைக்க வேண்டும். நீ விடவில்லை. அப்படியானால் இவர் மாடிப்படி நன்றாக ஏறுகிறாரே, சமதரையில் ஏன் நிற்கிறார் என்று கேட்டாய். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உன்னைப் பார்த்தார். படி ஒவ்வொன்றும் காலுக்கு ஒரு குறி, வெறுந்தரையில் குறி இல்லை என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம் போலக் கதவு நிலையில் நின்றுவிட்டேன். நீ என் கையைப் பிடித்து இழுக்கவில்லை, நடங்க நடங்க என்று சொல்லவில்லை. என் காலுக்கு முன்னால் உன் காலைக் குறுக்கே வைத்தாய். ஊரில் ஒருவன் இன்னொருவன் வழியில் குறுக்கே கால் வைத்தால் விழ வைப்பதற்காகத்தான் வைப்பான். என் கால் அதைப் பார்த்தது, எழும்பியது, தாண்டியது. தாண்டிய பிறகு தொடர்ந்து நடந்தது. நான் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் நடந்தது என்னவென்று எனக்குப் புரிந்தது. டாக்டர் சொன்னதைக் கேட்டவர்கள் இருவர். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு படி மேலே யோசித்தவன் நீ மட்டும்தான்.

உன் மாமாவுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. மலைக்கோயில் படிக்கட்டில் நான் அவருக்கு முன்னால் ஏறிப்போனதைப் பார்த்தவர், இங்கே நிலையில் நான் சிலை மாதிரி நிற்பதைப் பார்த்து, "மச்சான், மலை ஏறுறீங்க, வாசப்படி தாண்ட முடியலையா? நல்லாத்தான் இருக்கு கதை" என்றார். ஒருவேளை நடிக்கிறேனோ என்றுகூட ஒரு கணம் என்னையே சந்தேகப்பட்டேன். நீதான், "மாமா, நடிக்கிறவரு கஷ்டமானத முடியலன்னு நடிப்பாரா, சுலபமானத முடியலன்னு நடிச்சு மாட்டிக்குவாரா?" என்றாய். அதற்குப் பிறகு கிளேபாங்கிலிருந்து வாரம் தவறாமல் வந்து என் நடையை மேற்பார்வை பார்ப்பவர் அவர்தான்.

இனி நான் எழுத வேண்டியது செமாபோக் விஷயம். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்கு நான் சொன்னதில்லை.

மாமா கொண்டுவந்த சம்பந்தம் அது. செமாபோக்கில் மளிகைக் கடை வைத்திருப்பவர், ஒரே மகள், நல்ல குடும்பம். நம் வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். அந்த வாரம் முழுவதும் நான் திட்டம் போட்டேன். அவர்கள் வருமுன்பே கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவது, அவர்கள் போகும்வரை எழுந்திருக்காமல் இருப்பது, நடுங்குகிற வலது கையை மடித்த துண்டுக்குக் கீழே வைத்துக்கொள்வது. நடையைப் பார்த்தால்தானே கேள்வி வரும்? இது பரம்பரையாக வருமா என்று அவர்கள் கேட்டுவிடுவார்களோ என்பதுதான் என் பயம். என்னால் உன் கல்யாணம் நின்றுவிடக் கூடாது. அவ்வளவுதான் நினைத்தேன். உன்னிடம் சொன்னால் சம்மதிக்க மாட்டாய் என்று உன்னிடமும் சொல்லவில்லை.

அன்று உன் அலுவலகத்தில் அவசர வேலை வந்து நீ தாமதமாகிவிட்டாய். அவர்கள் வந்தார்கள். பெண்ணின் அப்பா வாசலிலேயே செருப்பைக் கழற்றி, இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு உள்ளே வந்தார். நான் எழுந்திருக்கவில்லை. கையும் கூப்பவில்லை. வாங்க என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. முகத்தில் சிரிப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இல்லை என்று இப்போது தெரிகிறது. பேச்சு எப்படியோ மாமாவின் புண்ணியத்தில் ஓடியது. கடைசியில் வெற்றிலைத் தட்டை வீட்டுப் பெரியவர் கொடுக்க வேண்டும் என்று மாமா என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். துண்டுக்குக் கீழே என் வலது கை துடித்துக்கொண்டிருந்தது. நான் இடது கையால் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

தள்ளிய பிறகுதான் செய்தது உறைத்தது. நம் ஆட்களானாலும் சரி, மலாய்க்காரர்களானாலும் சரி, இந்த ஊரில் இடது கையால் ஒன்றைக் கொடுப்பது எதிரில் இருப்பவனைக் கீழே வைப்பது. அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொடாமல் எழுந்தார். நேரமாகிறது என்றார். இத்தனைக்கும் இந்த நடுக்கம் கை சும்மா இருக்கும்போதுதான் அதிகம். நீட்டினால் சற்று அடங்கும். வலது கையை நீட்டியிருந்தால் அன்றைக்குக் காரியம் நடந்திருக்கும். விருந்தாளியை வாசல் வரை வழியனுப்பக்கூட நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மாமா வந்து அவர் சொன்னதைச் சொன்னார். "உங்க மச்சான் பெரிய துரையாவே இருக்கட்டும். நாங்க மளிகைக் கடைக்காரங்கதான், ஆனா இடது கையால தள்ளிவிட்டதப் பொறுக்கித் திங்கிற ஆளுங்க இல்ல." அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. குனிந்து நின்றபோது ஊர் என்னை அடிமை என்றது. நிமிர முடியாமல் உட்கார்ந்திருந்தபோது துரை என்றது. காஜா பேராங்கிலேயே என்னைப் போலப் பயந்தவன் இன்னொருவன் கிடையாது. என்னைப் போய்த் திமிர் பிடித்தவன் என்று ஒருவர் சொல்லிவிட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எப்படியும் என் முகத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

நீ மாமா சொன்னதை முழுவதும் கேட்டாய். என் துண்டை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாய். "அப்பா, கிளம்புங்க. செமாபோக் போறோம்" என்றாய்.

எதற்கு என்றேன். "நீங்க அவங்க முன்னால நடந்து காட்டணும்."

நான் மாட்டேன் என்றேன். பார்த்தால் வேண்டாம் என்றுவிடுவார்கள் என்றேன். இருக்கிற கொஞ்ச வாய்ப்பும் போய்விடும் என்றேன். நீ குரலை உயர்த்தவில்லை. "பாத்துட்டு வேணாம்னா வேணாம்ப்பா. பாக்காம வேணாம்னு சொல்லக்கூடாது."

பேச்சாவில் ஏறி, வண்டிக்காரன் மிதித்துக்கொண்டு போகும்போது வழியெல்லாம் நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இவ்வளவு தைரியம் இவனுக்கு எங்கிருந்து வந்தது, என்னிடமிருந்து வந்திருக்க முடியாதே என்று யோசித்தேன். செமாபோக்கில் இறங்கினோம். கடைகளுக்கு முன்னாலுள்ள ஐந்தடிப் பாதையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். கடை வாசலில் ஒரு பக்கம் அரிசி மூட்டை, மறுபக்கம் உப்புத் தொட்டி, நடுவே குறுகிய வழி. என் கால்களுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. வாசலில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். எல்லாரும் பார்த்தார்கள். கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்றார். உதவி செய்ய வரவில்லை, என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. நீ அவசரப்படாமல் குனிந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, எல்லாரும் பார்க்க என் முன்னால் உன் வெறுங்காலைக் குறுக்கே வைத்தாய்.

தாண்டினேன். மூட்டைகளுக்கு நடுவே நடந்து கல்லாவரைக்கும் போனேன். வலது கை பக்கத்தில் தொங்கி நடுங்கிக்கொண்டிருந்தது. அதை மறைக்க என்னிடம் துண்டு இல்லை.

"மன்னிச்சுக்குங்க. நேத்து எங்கப்பா எந்திரிக்காம இருந்தது திமிரு இல்ல, நோய். இதான் அது" என்றாய். பிறகு டாக்டர் சொன்னதை எல்லாம், நிலை, படி, முகம், கை எல்லாவற்றையும், விலை சொல்வது போல நிதானமாகச் சொன்னாய்.

அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். "இது உங்களுக்கும் வருமா தம்பி?"

வராது என்று சொல்லிவிடு என்று மனதுக்குள் உன்னைக் கெஞ்சினேன். நீ, "வரும்னும் டாக்டர் சொல்லல, வராதுன்னும் சொல்லல. தெரியாதுன்னு சொன்னாரு. அத மறைச்சு நான் பொண்ணு கேக்க முடியாது" என்றாய்.

அப்போது உள் வாசல் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "அந்தக் கால குறுக்க வச்சீங்களே, அது உங்க கால்தான் வேணுமா, யார் கால் வச்சாலும் சரியா?" அவர் திடுக்கிட்டுத் திரும்பி, சரோஜா, உள்ள போ என்றார். அவள் உள்ளே போன மாதிரித் தெரியவில்லை. நீ திரையைப் பார்த்தே பதில் சொன்னாய், யார் கால் வைத்தாலும் சரி என்று. வீட்டில் அப்புறம் ஒருநாள் உன்னைக் கேலி செய்யலாம் என்று வைத்திருந்தேன்; எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் இருவரும் முதன்முதலில் பேசிக்கொண்டது என் காலைப் பற்றித்தான்.

அவர் உள்ளே போய் வெற்றிலைத் தட்டோடு வந்தார். என் இடது பக்கம் வரவில்லை, நேராக வலது கைக்கு எதிரே நீட்டினார். நான் கையை நீட்டினேன். நீட்டியபோது அடங்கியது, வெற்றிலையைப் பிடித்ததும் மறுபடி தொடங்கியது. விரல்களில் இலைகள் படபடத்தன. ஒன்று கீழே விழுந்தது. அவர் தட்டை விலக்கவில்லை. "அவசரமில்ல சம்மந்தி" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் இன்னும் எத்தனை பேர் முன்னாலும் ஒட்டிக்கொண்டு நிற்கத் தயார்.

கல்யாணத்தன்று மேடைவரை நான் என் காலால் வந்தேன். மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளை, பட்டு வேட்டியைச் சற்றுத் தூக்கிக்கொண்டு, மேடைக்கு முன்னால் அப்பாவுக்குக் குறுக்கே கால் வைத்ததைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். நீ அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரோஜா வந்த பிறகு வீட்டுத் தரையில் படுக்கையிலிருந்து பின்கட்டு வரை சுண்ணாம்பால் குறுக்குக் கோடு போட்டாள். பக்கத்து வீட்டு மீனாட்சி மாமிக்கு அது தண்டவாளக் கட்டைகள் போலத் தெரிகிறதாம். மலாக்காச் செட்டிக் குடும்பத்து மனுஷி, வீட்டில் பேசுவது மலாய்தான், தமிழ் நாலு வார்த்தைக்குமேல் வராது. நான் கோடுகளைத் தாண்டித் தாண்டி வருவதைப் பார்த்தால் 'கெரெத்தாப்பி வருது' என்று ரயில் மாதிரிக் கூவிவிட்டுத்தான் உள்ளே போவாள். இந்த வீட்டில் யாரும் என் நடையைப் பற்றி மெல்லிய குரலில் பேசுவதில்லை. அதுவும் நீ கொண்டுவந்த வழக்கம்தான்.

நான் உனக்கு அறிவுரை சொல்லத் தகுதியானவனா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆனால் ஈப்போவில் உனக்கு எதிரே ஆட்கள் கோப்போடு வந்து நிற்பார்கள். குனிந்து நிற்பவனைப் பணிவானவன் என்று நினைத்துவிடாதே. சிரிக்காதவனைக் கர்வம் பிடித்தவன் என்று நினைக்காதே. கையெழுத்து சுருங்கினால், நடை மாறினால், ஒரு கை வீசாமல் வந்தால், உட்காரவைத்துக் கேள். என் அலுவலகத்தில் அப்படிக் கேட்க ஒருவர் இருந்திருந்தால் எனக்கு முன்பே தெரிந்திருக்கும். உடம்பு முடியாதவனைக் கையைப் பிடித்து இழுக்காதே, அவசரப்படுத்தாதே. இதெல்லாம் உனக்கே தெரியும். உன்னிடமிருந்து கற்றதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காலையில் நீ வேலைக்குப் போகும்போது நான் சன்னலில் நிற்பது தெருவை வேடிக்கை பார்க்க அல்ல. நீ முனை திரும்பும்வரை உன் கைகளைப் பார்ப்பேன். இரண்டும் வீசுகின்றன. செமாபோக்கில் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் அவ்வளவுதான், தினமும் ஒரு முறை. ஈப்போவிலிருந்து வரும்போதெல்லாம் தெருமுனையில் இறங்கி வீடுவரை நடந்து வா. எனக்கு அது போதும்.

இனி என் கால். நீயும் சரோஜாவும் போய்விட்டால் குறுக்கே வைக்க யார் இருக்கிறார்கள் என்பதுதானே உன் கவலை? வீட்டுக்குள் கோடு இருக்கிறது. மாமா கிளேபாங் வீட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டு இங்கே வந்து இருக்கிறேன் என்கிறார். தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு அலுத்துவிட்டதாம். அதை அவர் வாயாலேயே கேட்டுக்கொள். மிச்சம் இருப்பது தெரு. தெருவில் யாரும் கோடு போட்டு வைக்க மாட்டார்கள். நீ வாங்கிக் கொடுத்த வளைந்த பிடிக் கைத்தடியை ஊன்றி நடந்தால் ஒட்டிக்கொள்வது நிற்கவில்லை. ஒருநாள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். வளைந்த பிடி கீழே, காலுக்கு முன்னால் குறுக்கே கிடந்தது. உன் பாதம் மாதிரியே. கால் அதைத் தாண்டியது. கால் ஒட்டிக்கொள்கிற இடத்தில் அப்படித் தாழ்த்தி வைத்துக்கொள்கிறேன். மற்ற நேரம் கையில் சும்மா இருக்கும்.

நீ அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் பழகினேன். முதலில் வேலிப்படல் வரை, பிறகு சாக்கடைப் பலகையைத் தாண்டி, பிறகு தெருவில் கொஞ்ச தூரம். மாமியும் சரோஜாவும் வாசலில் நின்று பார்த்துக்கொள்வார்கள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். கீழே விழுந்ததும் உண்டு. பெரிய அடி இல்லை, முழங்கை சிராய்ப்பைச் சமையலறையில் பட்டது என்று சொன்னேன். கால் எனக்கு அவ்வளவு கஷ்டம் கொடுக்கவில்லை. காப்பிக் கடையைக் கடப்பதுதான் கஷ்டம். கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வருகிற கிழவனைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? இரண்டு முறை கடை வரைக்கும் போய், ஆட்கள் இருப்பதைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை நானா, "ஐயா, கம்ப மாத்திப் புடிச்சிருக்கீங்க" என்றார். நான் நின்றேன். நீ செமாபோக்கில் சொன்ன மாதிரி, இது நோய், இப்படிப் பிடித்தால்தான் கால் வரும் என்று சொன்னேன். அவர் வெளியே வந்து நான் நடப்பதைக் கடைசிவரை பார்த்தார். மறுநாள் கடை வாசலில் கிடந்த பெஞ்சை எனக்காக ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்.

காப்பிக் கடையைத் தாண்டி முனையில் சிவப்புத் தபால் பெட்டி இருக்கிறது. அதுவரை நான் இன்னும் போனதில்லை. நாளைக் காலை, நீ வேலைக்குக் கிளம்பிய பிறகு, போகப்போகிறேன். மாமியும் சரோஜாவும் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் திரும்புவதுதான் எப்போதும் சங்கடம், நின்ற இடத்திலேயே திரும்பினால் அலமாரி கதைதான். அதற்கும் யோசித்து வைத்திருக்கிறேன். கடிதத்தைப் போட்டுவிட்டு, கோயிலில் பிரகாரம் சுற்றுவது போல அந்தப் பெட்டியைப் பெரிய வட்டமாக வலம் வந்தால், திரும்பாமலே திரும்பிவிடலாம். பார்க்கிறவர்கள் கிராணி ஐயாவுக்குப் புத்தி பிசகிவிட்டது, தபால் பெட்டியைச் சுற்றிக் கும்பிடுகிறார் என்பார்கள். சொல்லட்டும்.

இந்தக் கடிதத்தை யாரிடமும் கொடுத்துப் போடச் சொல்ல மாட்டேன். நான் போய்ச் சேராவிட்டால் இது என் சட்டைப் பையிலேயே இருக்கும். நீயும் இதைப் படிக்க மாட்டாய், உன் விருப்பப்படி செய்யலாம். ஆனால் தபால்காரர் இதை உன் கையில் கொடுத்து, நீ இந்த வரிவரைக்கும் வந்துவிட்டாய் என்றால், உன் கால் இல்லாமல் நான் அந்தப் பெட்டிவரை போயிருக்கிறேன். தபால்தலை மேல் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள். பிறகு ஈப்போவுக்கு வருகிறேன் என்று பதில் எழுது. எழுதியதை என்னிடம் கொடு. எனக்குத்தான் பெட்டிக்கு வழி தெரியுமே, நானே போய்ப் போட்டுவிட்டு வருகிறேன்.

உன் அப்பா